பை காவல்காரர் படகில் ஏறிய நாள்

சிதம்பரம் மேலவீதியில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து பிச்சாவரம் படகுத்துறைக்கு சுமார் 15 கிலோமீட்டர். ஆட்டோவில் போனால் அரை மணி நேரம். அந்த அரை மணி நேரப் பயணத்துக்கு என் அப்பாவுக்கு 44 வருடங்கள் ஆயின.

அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். வயது 76. சிதம்பரத்துக்கு மாற்றலாகி வந்தவர், அங்கேயே வேலை பார்த்து, அங்கேயே வீடு கட்டி, அங்கேயே ஓய்வும் பெற்றார். வீட்டுக்கு விருந்தாளிகள் வந்தால் முதல் நாள் நடராஜர் கோயில், மறுநாள் பிச்சாவரம் என்று திட்டம் போட்டுக் கொடுப்பார். எந்த பஸ், எத்தனை மணிக்கு, எங்கே சாப்பிடலாம் என்று எல்லாம் சொல்வார். ஆனால், அவர் மட்டும் போனதே இல்லை.

அம்மாவுக்கு அந்தப் படகில் ஒரு தடவை போகணும் என்று ஆசை. 1975-ல் வந்த 'இதயக்கனி' படத்தை அவள் கல்யாணத்துக்கு முன்பே பார்த்தவள். "எம்.ஜி.ஆர். வந்த இடம்ங்க. எங்கெங்கேயோ இருந்து வந்து பார்த்துட்டுப் போறாங்க. நாமளும் ஒரு நடை போயிட்டு வந்துடுவோமே" என்பாள்.

அப்பாவிடம் எப்போதும் ஒரு காரணம் தயாராக இருக்கும். சித்திரையில் வெயில். ஐப்பசியில் மழை. மார்ச்சில் விடைத்தாள். ஓய்வு பெற்ற பிறகு முழங்கால் வலி. அம்மாவும் சண்டை போட மாட்டாள். ஆறு மாதம் கழித்து மறுபடியும் கேட்பாள், அவ்வளவுதான்.

இன்னொரு விஷயத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஒவ்வோர் ஆடிப்பெருக்குக்கும் கொள்ளிடக் கரைக்குப் போவோம். அம்மா, நான், தம்பி எல்லோரும் தண்ணீரில் இறங்குவோம். அப்பா மட்டும் கரையில் உட்கார்ந்திருப்பார். "நீங்க பையைப் பார்த்துக்கோங்க" என்று அம்மா சொல்லிவிட்டுத்தான் இறங்குவாள். அதனால் அப்பாவுக்கு நாங்கள் வைத்த பெயர் 'பை காவல்காரர்'. அவரும் சிரித்துக்கொள்வார்.

சென்ற வருடம் மாசி மாதம் அம்மா போய்விட்டாள். மூன்றே நாள் காய்ச்சல்.

துக்க வருடம் என்பதால் இந்தத் தை மாதம் எங்களுக்குப் பொங்கல் இல்லை. நான் திருச்சியிலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு அப்பாவோடு இருக்கப் போனேன். தெருவே கோலமும் கரும்புமாக இருக்க, எங்கள் வாசல் மட்டும் வெறுமையாக இருந்தது. அப்பா பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தை ஒரு மணி நேரம் பார்த்தபடி இருந்தார். பதினொரு மாதமாக, மருந்துக்கடையைத் தவிர அவர் எங்கேயும் போகவில்லை.

காணும் பொங்கல் அன்று ராத்திரி என் மகள் கேட்டாள். பதினாறு வயது. எதையும் சுற்றி வளைக்கத் தெரியாது.

"தாத்தா, நாளைக்கு பிச்சாவரம் போலாமா? பாட்டி போகணும்னு சொல்லிட்டே இருந்தாங்கல்ல?"

எனக்கு வயிற்றில் சொரேரென்றது. அப்பா பேப்பரை மடித்தார். கொஞ்ச நேரம் கழித்து, "காலையிலேயே போயிடணும். அப்புறம் வெயில் வந்துடும்" என்றார்.

காலையில் ஐந்து மணிக்கே எழுந்து சம்பா சாதமும் கத்திரிக்காய் கொத்சுவும் செய்தேன். அம்மாவின் கை வரவில்லை. ஆனாலும் டப்பாவில் எடுத்துக்கொண்டேன்.

கிள்ளையைத் தாண்டியதும் காற்றில் உப்பு வாசனை வந்துவிடும். காணும் பொங்கல் கூட்டம் முந்தின நாளே வந்து போயிருந்ததால் படகுத்துறை காலியாக இருந்தது. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுகள் இங்கே ஓடுகின்றன. மோட்டார் படகு, துடுப்புப் படகு என இரண்டும் உண்டு. மோட்டார் படகு அகலமான நீர்வழியில் வேகமாகப் போகும். நான் துடுப்புப் படகுக்குச் சீட்டு வாங்கினேன். காட்டுக்குள் இருக்கும் சின்னச் சின்ன வாய்க்கால்களில் நுழைய அதுதான் சரி. சத்தமும் கிடையாது.

லைஃப் ஜாக்கெட்டை அப்பாவுக்கு நான்தான் மாட்டிவிட்டேன். பட்டையை இழுத்துக் கட்டும்போது அவருடைய நெஞ்சு படபடவென்று அடிப்பது என் விரல்களுக்குத் தெரிந்தது. வயசானவர், படி இறங்கி வந்த களைப்பு என்று நினைத்தேன்.

படகில் கால் வைத்ததும் அது ஒரு பக்கம் சாய்ந்தது. அப்பா என் மணிக்கட்டைப் பிடித்த பிடி, அன்று சாயங்காலம் வரை சிவந்திருந்தது.

படகோட்டிக்கு ஐம்பது வயது இருக்கும். "ஐயா, நடுவுல உட்காருங்க. எழுந்திரிக்கக் கூடாது, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுத் துடுப்பைப் போட்டார்.

முதல் பத்து நிமிடம் திறந்த நீர்ப்பரப்பு. பிறகு படகு ஒரு வாய்க்காலுக்குள் திரும்பியது. இரண்டு பக்கமும் மரங்கள் மேலே கைகோத்துக்கொண்டு நின்றன. வெயில் சல்லடையில் சலித்த மாதிரி விழுந்தது. துடுப்பு தண்ணீரைத் தள்ளும் சத்தம், எங்கேயோ ஒரு மீன்கொத்தியின் குரல். வேறு சத்தமே இல்லை. என் மகள் செல்போனை எடுத்தவள், மறுபடியும் பைக்குள் வைத்துவிட்டாள்.

வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். இரண்டு ஆறுகளும் கடலில் சேரும் இடங்களுக்கு நடுவே 1,000 ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடக்கிறது இந்த அலையாத்திக் காடு. 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற அங்கீகாரம். அதையெல்லாம் நான் முதல் நாள் ராத்திரி படித்து வைத்திருந்தேன். ஆனால், மரங்களைப் படகோட்டிதான் அறிமுகப்படுத்தினார்.

"இந்தக் காலு காலா தண்ணிக்குள்ள இறங்கி நிக்குதே, இது சுரபுன்னை. இதோட விதை மரத்துல இருக்கும்போதே முளைச்சிடும். முருங்கைக்காய் மாதிரி தொங்கும். கீழ விழுந்தா நேரா சேத்துல குத்திட்டு நிக்கும்."

"அங்க சேத்துல இருந்து பென்சில் நட்டு வச்ச மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கே, அது வெண்கண்டலோட வேரு. அது வழியாத்தான் மூச்சு விடுது. அதோட இலையை நக்கிப் பாரு பாப்பா, உப்பு கரிக்கும்."

மகள் நக்கிப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். அப்பா முதல் தடவையாகச் சிரித்தார்.

இன்னொரு மரத்தைப் பார்த்து மகள் கை நீட்டியபோது படகோட்டி சட்டென்று தடுத்தார். "அதைத் தொடாத பாப்பா. அது தில்லை மரம். பால் கண்ணுல பட்டா ஆகாது."

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதுவா தில்லை?"

சிதம்பரம் கோயிலின் தலமரம் தில்லை. அந்த மரத்தால்தான் ஊருக்கே தில்லை என்று பெயர். 34 வருடம் வகுப்பில் அதைச் சொல்லிக் கொடுத்தவர் அப்பா. முதிர்ந்த இலைகள் சில சிவந்து போயிருந்தன. அந்த மரம் கண்ணிலிருந்து மறையும் வரை திரும்பித் திரும்பிப் பார்த்தார். "எத்தனை பசங்களுக்குச் சொல்லியிருக்கேன். ஒருத்தனையாவது கூட்டிட்டு வந்து காட்டியிருக்கலாம்" என்றார்.

மகள் படகோட்டியிடம் சுனாமி பற்றிக் கேட்டாள். 2004 டிசம்பர் 26-ல் அவள் பிறக்கவே இல்லை.

"காட்டுக்கு அந்தப் பக்கம் கடலோரமா மணல் திட்டுங்க இருக்கு. அங்க இருந்த எம்.ஜி.ஆர். திட்டு, சின்னவாய்க்கால் எல்லாம் அடிச்சிட்டுப் போயிடுச்சு. எவ்வளவோ பேர் போயிட்டாங்க. காட்டுக்கு இந்தப் பக்கம் இருந்த ஊருக்கெல்லாம் அவ்வளவு சேதம் இல்ல. வந்த வேகத்தை இந்த மரங்கதான் வாங்கிக்கிச்சுன்னு சொல்லுவோம்." துடுப்பை நிறுத்தினார். "அப்புறம் மூணு மாசம் நான் துடுப்பைத் தொடல. தண்ணியப் பாத்தாலே கை நடுங்கும். மீன்காரன் மகன், தண்ணிக்குப் பயப்படுறான்னு ஊர்ல சிரிப்பாங்களேன்னு வெளிய சொல்லவும் முடியல."

படகு தானாக மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது.

"எனக்கும் தண்ணின்னா பயம்" என்றார் அப்பா.

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. படகோட்டியைப் பார்த்துப் பேசினார்.

"ஒன்பது வயசுல எங்க ஊர் வாய்க்கால்ல விழுந்துட்டேன். ஒரு ஆள் தலைமயிரைப் பிடிச்சுத் தூக்கினார். மூக்கெல்லாம் சேறு. அதுக்கப்புறம் முழங்காலுக்கு மேல தண்ணியில இறங்கினதே இல்ல. கல்யாணம் ஆன புதுசுல சொல்ல வெட்கமா இருந்துச்சு. அப்புறம் இத்தனை வருஷம் சொல்லாம இப்ப எப்படிச் சொல்றதுன்னு ஆயிடுச்சு." கொஞ்சம் நிறுத்தினார். "அவ நினைச்சிருப்பா, இந்த மனுஷனுக்கு நம்மள எங்கயும் கூட்டிட்டுப் போக மனசு இல்லன்னு."

எனக்குத் தொண்டை அடைத்தது. என்ன சொல்வது என்று தெரியவில்லை. அப்போதுதான் கொள்ளிடக் கரை ஞாபகத்துக்கு வந்தது.

"அப்பா, ஆடிப்பெருக்குக்குப் போவோமே. அப்ப நம்ம பையில என்ன இருக்கும்?"

"என்ன இருக்கும்? மாத்துத் துணி, புளிசாதம்."

"அதை யாருப்பா திருடப் போறாங்க? அம்மா ஏன் ஒவ்வொரு வருஷமும் உங்களைக் காவலுக்கு வச்சா? நாங்க யாரும் 'அப்பா, நீங்களும் வாங்க'ன்னு இழுத்துடக் கூடாதுன்னுதான். அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கும்ப்பா."

அப்பா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்புறம் ஏன் கேட்டுக்கிட்டே இருந்தா?" என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒருவேளை அவராகச் சொல்லட்டும் என்று காத்திருந்தாளோ என்னவோ.

திரும்பும் வழியில், கழுத்தளவு தண்ணீரில் இருளர் பெண்கள் இரண்டு பேர், ஓலைப் பறியை வாயில் கவ்வியபடி, அடிச் சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்குப் பொழுதுபோக்கான தண்ணீர் அவர்களுக்குச் சோறு. மகள் படம் எடுக்கப் போனாள். அப்பா, "கேட்டுட்டு எடு" என்றார். அவள் எடுக்கவில்லை.

இன்னொரு வாய்க்காலுக்குள் போகலாமா என்று நான் ஆசைப்பட்டுக் கேட்டேன். "தண்ணி வத்துற நேரம்க்கா. உள்ள போனா படகு சேத்துல உட்காந்துடும்" என்று படகோட்டி மறுத்துவிட்டார். ஓதம் ஏறி இறங்குவதுதான் இந்தக் காட்டுக்கு உயிர் என்றும் சொன்னார். முன்காலத்தில் ஒரு பகுதியில் மரங்களை மொத்தமாக வெட்டியதால் நிலம் தாழ்ந்து, வந்த உப்புத் தண்ணீர் திரும்பிப் போக வழியில்லாமல் தேங்கி, மண் கெட்டு எதுவும் முளைக்காமல் போனதாம். பிறகு வனத்துறையும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் மீன் முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டித் தண்ணீர் வந்து போக வழி செய்து, கன்று நட்ட பிறகு காடு திரும்பி வந்திருக்கிறது.

கரைக்கு வந்து, மர நிழலில் டப்பாவைத் திறந்தோம். அப்பா இரண்டாவது தடவையும் கொத்சு கேட்டு வாங்கிக்கொண்டார். "உப்பு கொஞ்சம் கம்மி. உங்கம்மா சரியாப் போடுவா" என்றார். பதினொரு மாதத்தில் அவர் அம்மாவைப் பற்றி இயல்பாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

நீங்கள் போவதாக இருந்தால் சில வார்த்தைகள். காலையில் சீக்கிரம் போங்கள். தை மாதம் வெயிலும் குறைவு, வலசை வரும் பறவைகளையும் பார்க்கலாம். தொப்பியும் குடிதண்ணீரும் கட்டாயம். நீச்சல் தெரிந்தாலும் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாதீர்கள், செல்ஃபிக்காக எழுந்து நிற்காதீர்கள். படகோட்டி வேண்டாம் என்று சொல்லும் வாய்க்காலுக்குள் கூடுதல் காசு கொடுத்து அழைத்துப் போகச் சொல்லாதீர்கள். பிளாஸ்டிக் குப்பையைத் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள். வீட்டில் யாராவது ரொம்ப நாளாக ஓர் இடத்துக்குப் போகணும் என்று கேட்டுக்கொண்டே இருந்தால், அடுத்த விடுமுறையிலேயே கூட்டிப் போய்விடுங்கள். போக முடியாத காரணம் ஏதாவது இருந்தால், அதையாவது வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

திருச்சிக்குத் திரும்பிய பத்து நாளில் அப்பாவிடமிருந்து போன். எதிர் வீட்டு ஓவிய ஆசிரியரைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் பிச்சாவரம் போய் வந்தாராம்.

"தில்லை மரத்தைக் காட்டலாம்னு கூப்பிட்டேன்மா. முதல்ல வரமாட்டேன்னுட்டான். அவனுக்கும் தண்ணின்னா பயமாம்."

"அப்புறம் எப்படிப்பா வந்தார்?"

"எனக்கும்தான்டான்னு சொன்னேன். உடனே கிளம்பிட்டான்" என்றார் அப்பா.