காற்றின் அளவு

1934ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், கனடாவின் க்யூபெக் மாநிலத்தில் ஜோசப் அர்மாண்ட் பம்பார்டியர் என்னும் இயந்திர வல்லுநர், நோயுற்ற தம் இரண்டு வயது மகனை மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வழியின்றித் தவித்தார். பாதைகளைப் பனி மூடியிருந்தது, குழந்தை இறந்தது. பனிமீது ஓடும் ஊர்தியை உருவாக்க அவர் செய்துவந்த முயற்சி அதன்பின் மேலும் தீவிரமடைந்தது. 1959ஆம் ஆண்டில் 'ஸ்கி-டூ' என்ற சிறு பனிவண்டி அவரது நிறுவனத்திலிருந்து வெளிவந்தது. ஒரு தந்தையின் துயரோடு பிணைந்த அவ்வண்டி மற்றொரு தந்தைக்குக் கற்பித்த பாடத்தையே இங்கே சொல்லப் புகுந்தோம்.

பிரிட்டிஷ் கொலம்பியாவில், கொலம்பியா ஆற்றங்கரையில் உள்ள ரெவல்ஸ்டோக் என்னும் மலையூரில் நாம் வாழ்ந்த காலம் அது. நம் மகனிடம் டர்போ பொருத்திய மலைப் பனிவண்டி ஒன்றிருந்தது. இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுவதால், சாதாரண எஞ்சின் அங்கே மூச்சுத் திணறும். டர்போவோ காற்றை அழுத்தி ஊட்டி, இழந்த வலிமையை மீட்டுத் தருகிறது. ஆனால் வலிமை கூடக்கூட, ஏற்றத்தில் பாரம் முழுவதும் பின்னுக்குச் சாய்ந்து, முன்சறுக்குக் கட்டைகள் மேலே தூக்கிக்கொள்ளும். அதனைத் தாங்குவது பின்புற அதிர்வுதாங்கியின் கடமை. வண்டியோடு வந்ததைக் கழற்றிவிட்டு, தனியே விற்கப்படும் காற்றடைத்த ஷாக் அப்சார்பர் ஒன்றை நாமே வாங்கிப் பொருத்தினோம். நமக்கும் இயந்திரம் தெரியும் என்ற பெருமிதம் உள்ளூர இருந்ததை மறைப்பானேன்?

அடுப்பெரியும் கொட்டகையில், சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு என்று காற்றை அளந்து நிரப்பினோம். மறுநாள் மலைச்சரிவில் மகன் விசையை முடுக்கியதும் வண்டியின் பின்பகுதி அமிழ்ந்தது. முன்பகுதி குதிரைபோல் எழுந்து அப்படியே பின்னால் புரண்டது. அவன் ஒருபுறம் குதித்ததால் உயிர் தப்பினான். அச்சம் நம் நாவில் கோபமாக மாறியது. "உனக்கு ஓட்டத் தெரியவில்லை" என்று தோழர்கள் நடுவிலேயே கடிந்துகொண்டோம். அவன் மறுமொழி கூறவில்லை. வீடு திரும்பிய பின்பும் பேசவில்லை.

அண்டை வீட்டு முதிய மெக்கானிக் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "காற்றை எங்கே நிரப்பினீர்கள்?"

கொட்டகைக்குள் வெப்பம் 20 டிகிரி. வெளியே சுழியத்துக்குக் கீழே 20. குளிரக் குளிர, அடைபட்ட காற்றின் அழுத்தம் குறையும் என்பது பள்ளிப் பாடம். கணக்கிட்டுப் பார்த்தோம்: நாம் நிரப்பிய 100, வெளிக்குளிரில் ஏறத்தாழ 85 ஆகியிருந்தது. பின்பகுதி அமிழ்ந்ததற்குக் காரணம் மகனின் கையன்று, நம் அளவுகோலே.

மறுநாள் வண்டியை இரவெல்லாம் வெளியிலேயே குளிரவிட்டுக் காலையில் அளந்தோம். பெரியவர் மூன்று விதிகள் சொன்னார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். மாற்றியதைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். ஒவ்வொரு மாற்றத்தையும் அதே சரிவில் சோதிக்க வேண்டும். முதலில் காற்றைச் சரிசெய்தோம். பின்னர், முன்பகுதி எவ்வளவு எழலாம் என்பதை வரையறுக்கும் வாரைச் சற்றே குறுக்கினோம். சறுக்குக் கட்டைகள் பனியில் பதிந்தன. அளவுமீறிக் குறுக்கினால் திருப்புவது பளுவாகும் என்பதையும் அனுபவத்தில் கண்டு, பாதியளவு தளர்த்தினோம்.

ஆயினும் மற்றொன்றைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. அதே தோழர்கள் கூடியிருந்த இடத்தில், "தவறு உன்னுடையதன்று; நம்முடையது" என்று மகனிடம் சொன்னோம். சொல்லும்போது நா தழுதழுத்தது. அவன் சிரித்துக்கொண்டே குறிப்பேட்டை நம்மிடமிருந்து வாங்கி, அன்றைய தேதியின் கீழ் எழுதினான்: "காற்று 100. குளிரில் அளந்தது."

அக்குறிப்பேடு இன்றும் நம்மிடம் இருக்கிறது. பிள்ளைகளைக் கடிந்துகொள்ள வாய் திறக்கும் போதெல்லாம், நம் அளவை எந்த இடத்தில் நின்று எடுத்தோம் என்று அது நம்மைக் கேட்கிறது.