குதிரைக்கும் ஓர் இரவு

மாலை நான்கு மணிக்கு மேல் குதிரையோடு ஊர் கடக்கிறவர் மனத்தில் ஒரே கேள்விதான் ஓடும்: இன்று ராத்திரி இதை எங்கே கட்டுவது? சவாரி செய்பவருக்கு இடம் கிடைத்துவிடும். கோயில் மண்டபத்தில் சாயலாம், ராசிபுரத்திலோ நாமக்கல்லிலோ அறை எடுக்கலாம். நானூறு கிலோ எடையுள்ள, வெயில் நாளில் நாற்பது லிட்டர் தண்ணீர் குடிக்கிற, லாரியின் ஏர் ஹாரனுக்கு உடம்பெல்லாம் விதிர்க்கிற உயிருக்கு எந்த விடுதியும் கதவு திறக்காது. சேலம், நாமக்கல் சமவெளியிலிருந்து கொல்லிமலை, சேர்வராயன் மலை, போதமலை அடிவாரக் காடுகள் பக்கம் சவாரி போகும் எங்களைப் போன்றவர்களுக்கு இரவு தங்கலை முடிவு செய்வதுதான் முதல் வேலை. வழியை அதற்கேற்ப வளைத்துக்கொள்வோம்.

இந்த மண்ணுக்குக் குதிரை அந்நியமில்லை. கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியின் குதிரைக்கும் ஓரி என்றே பெயர் என்கிறது சிறுபாணாற்றுப்படை. செம்மேட்டில் அவன் சிலை குதிரைமேல்தான் அமர்ந்திருக்கிறது. தாரமங்கலம் கைலாசநாதர் கோயில் முன்னால் முன்னங்கால் தூக்கி நிற்கும் கல்குதிரைகளைப் பார்த்தவர்களுக்கு, அந்தச் சிற்பி குதிரையின் கழுத்தையும் கடிவாளத்தையும் அருகில் நின்று பார்த்தவன் என்பது சொல்லாமலே விளங்கும்.

பிற்காலத்திலும் இந்தப் பக்கம் குதிரைமேல்தான் ஆளப்பட்டது. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தான் பாராமகாலையும் சேலத்தையும் கம்பெனியிடம் விட்டுக்கொடுத்தபோது, வரி நிர்ணயிக்க வந்த கேப்டன் ரீடும் அவருக்கு உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோவும் ஊர் ஊராகக் குதிரையில் அலைந்தவர்கள். 1799 வரை மன்றோ இங்கே இருந்த காலத்தில் பெரும்பகுதி கூடாரத்தில்தான் கழிந்தது. அப்படி ஒரு முகாம் ஊருக்கு ஊர் நகர வேண்டுமென்றால் நிழல் வேண்டும், தண்ணீர் வேண்டும், மாட்டுக்கும் குதிரைக்கும் தீவனம் வேண்டும். ஊர் எல்லைப் புளியந்தோப்பும் சாலையோரக் கிணறும் சாவடியும் அந்த மூன்றையும் கொடுத்தன. மோட்டார் வருவதற்கு முன் ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களுக்குப் போனவர்கள் குதிரையிலும் டோலியிலும் ஏறினார்கள். காட்டுக்குள் இருந்த பழைய வன விடுதிகள் சுற்றுப்பயண அதிகாரிகளுக்காகக் கட்டப்பட்டவை. அதிகாரி குதிரையில் வந்த காலத்தில் பின்பக்கம் லாயம் இருந்தது. ஜீப் வந்ததும் லாயத்துக்கு வேலை போய்விட்டது.

ஆக, குதிரை தங்குவதற்கான ஏற்பாடு இந்த நாட்டில் இருந்தது. தோப்புகள் மரவள்ளிக் காடாகி, மரவள்ளிக் காடு வீட்டு மனையாகி, திறந்த கிணறு ஆழ்துளைக் கிணறாகி அது கலைந்துபோனது. கலைந்ததில் எது மிச்சம் இருக்கிறது என்று தேடிப் போவதுதான் என் சவாரிகளில் பாதி.

முதலில் தண்ணீர். பஞ்சாயத்துகள் கட்டியிருக்கும் கால்நடைக் குடிநீர்த் தொட்டிகள் எங்களுக்குப் பெரிய வரம். அதில் தண்ணீர் இருக்கிறதா, பாசி எவ்வளவு, யாராவது பூச்சிமருந்து டப்பாவைக் கழுவினார்களா என்று பார்த்தபின்தான் குதிரையை அருகே விடுவேன். சேகோ ஆலைகள் இருக்கும் பக்கம் ஓடைத் தண்ணீரை நம்புவதில்லை. மரவள்ளி மாவு புளித்த வாடையை என் காத்தியவார் பெட்டை வெகுதூரத்திலேயே கண்டுகொண்டு மூக்கைத் திருப்பிவிடும். சேர்வராயன் மலையில் சுத்தமாகப் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலம் நகரத்தைத் தாண்டி வரும்போது என்ன நிறத்தில் வருகிறது என்பது இப்பக்கத்தார் எல்லாருக்கும் தெரியும். மலைக்கு நெருங்க நெருங்கத் தண்ணீர் பற்றிய கவலை குறையும். அடிவாரத் தோட்டங்களில் இன்னும் கல்தொட்டியோடு சில கிணறுகள் உண்டு.

அடுத்தது, கட்டும் இடத்தில் என்ன முளைத்திருக்கிறது என்பது. இதைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பசும்புல் கண்ட இடமெல்லாம் குதிரைக்கு நல்ல இடம் என்று நினைத்துவிடுகிறோம். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. தின்ற நஞ்சு உள்ளேயேதான் இருக்கும். நம் சமவெளியில் நஞ்சு வேலியோரத்திலேயே நிற்கிறது. மரவள்ளி இலையிலும் கிழங்குத் தோலிலும் சயனைடாக மாறும் பொருள் உண்டு. பச்சை இலை தின்று ஆடு செத்த கதை இல்லாத ஊர் ராசிபுரம், ஆத்தூர்ப் பக்கம் இருக்காது. இளஞ்சோளப் பயிரும் அப்படியே. வரப்போரத்து ஆமணக்கு விதை ஒரு கைப்பிடி போதும். எல்லாவற்றிலும் மோசமானது அரளி. நாற்கரச் சாலையின் நடுவே வரிசையாக நட்டு வைத்திருக்கிறார்கள், கோயில் நந்தவனத்திலும் வளர்க்கிறார்கள். சில இலைகள் உள்ளே போனால் குதிரையின் இதயம் தாங்காது. கோயில் திடல் விசாலமாக, நிழலாக இருந்தாலும், நந்தவனம் எந்தப் பக்கம், கயிறு அதுவரை எட்டுமா என்று நடந்து பார்க்காமல் நான் முளை அடிப்பதில்லை.

நாமக்கல் வட்டாரத்துக்கே உரிய இன்னோர் ஆபத்து கோழித் தீவனம். பண்ணை வைத்திருப்பவர்கள் தாராள மனம் படைத்தவர்கள். களைத்து வந்த குதிரையைப் பார்த்ததும் மூட்டையிலிருந்து ஒரு முறம் அள்ளிக் கொண்டுவந்து வைப்பார்கள். கோழிக்கு ரத்தக் கழிச்சல் வராமலிருக்கச் சில தீவனங்களில் மோனென்சின், சாலினோமைசின் போன்ற மருந்துகளைச் சேர்ப்பது உண்டு. கோழிக்குக் காவலான அந்த மருந்து, மிகக் குறைந்த அளவிலேயே குதிரையின் இதயத் தசையை அழித்துவிடும். அன்போடு நீட்டிய கையை எப்படித் தடுப்பது? காரணத்தைச் சொல்லிவிடுவேன். தீவனத்தின் கணக்கெல்லாம் விரல்நுனியில் வைத்திருப்பவர்கள் அவர்கள், கேட்டதும் புரிந்துகொள்வார்கள். ஒரு பண்ணைக்காரர் உடனே முறத்தை உள்ளே அனுப்பிவிட்டு, பக்கத்துத் தோட்டத்திலிருந்து குதிரைமசால் அறுத்துவரச் சொன்னார். அதையும் கொஞ்சமாகத்தான் போட்டேன். பழகாத பசுந்தீவனம் வயிறு நிறைய விழுந்தால் நடுராத்திரியில் சூலை வரும். வழக்கமாகத் தின்னும் உலர்ந்த சோளத்தட்டிலும் கொள்ளிலும் முதல் இரவுக்கானதைச் சேணத்திலேயே கட்டி எடுத்துப்போவது நல்லது. மறுநாளிலிருந்து அந்தந்த ஊரின் கடலைக்கொடியைச் சிறிது சிறிதாகக் கலந்துகொள்ளலாம். நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்குவது இந்த வட்டாரத்துச் சவாரிக்காரர்களுக்குப் பெரிய தைரியம். அங்கிருந்து எவ்வளவு தூரத்தில் தங்குகிறேன் என்பதும் என் கணக்கில் உண்டு.

மூன்றாவது, மனிதர்கள். தோட்டத்து வாசலில் குதிரையோடு போய் நின்றால் முதலில் நாய் வரும், பிறகு குழந்தைகள் வரும், கடைசியில் தோட்டக்காரர் வருவார். "ஏனுங்க, உதைக்குமா? மாட்டைக் கண்டா என்ன பண்ணும்?" என்று கேட்பார். நியாயமான கேள்வி. குதிரையை விட்டு இறங்கி, சேணத்தைத் தளர்த்திவிட்டுத்தான் பதில் சொல்வேன். மேலே உட்கார்ந்தபடி ஓர் இரவுக்கு இடம் கேட்பது மரியாதையாக இராது. மாட்டுக் கொட்டகையிலிருந்து எட்டக் கட்டுவோம், காலையில் சாணியை அள்ளிக் குப்பைக் குழியில் போட்டுவிட்டுத்தான் கிளம்புவோம், பீடி சிகரெட் பழக்கம் இல்லை என்று முன்னாலேயே சொல்லிவிடுவேன். வைக்கோல் போருக்குப் பக்கத்தில் அந்நியரைப் படுக்க விடுவதற்கு முன் அவர்கள் மனத்தில் ஓடுவது நெருப்பு பற்றிய பயம்தான். இதைக் கேட்டபிறகு மறுத்தவர்கள் குறைவு. பேளுக்குறிச்சிப் பக்கம் ஒரு பாட்டி, "குதிரைக்குக் கூளம் கெடக்குது கண்ணு, உனக்குத்தான் இனிமே சோறு ஆக்கோணும்" என்று அடுப்பைப் பற்றவைத்தார். காசை வாங்கவே மாட்டேன் என்றுவிட்டார். கூளத்துக்காவது விலை கொடுத்துவிட்டு வருவது என்று அன்றே முடிவு செய்துகொண்டேன். கோடையில் ஒரு கட்டுத் தீவனம் என்ன விலை என்பது மாடு வைத்திருப்பவர்களுக்குத்தான் தெரியும். நாங்கள் இலவசமாக வாங்கிப் பழகிவிட்டால், எங்களுக்குப் பின்னால் வருகிற சவாரிக்காரருக்கு அந்த வாசல் மூடிக்கொள்ளும்.

குதிரைகளை ஊரே வரவேற்கும் தங்குமிடம் ஒன்றும் இங்கிருந்து எட்டும் தூரத்தில் உண்டு, வருடத்தில் சில நாட்களுக்கு மட்டும். ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவையொட்டிக் கூடும் குதிரைச் சந்தை அது. திப்பு தன் படைக்கு அங்கே குதிரை பிடித்தான் என்று வழிவழியாகச் சொல்வார்கள். மார்வாரி, காத்தியவார், வெள்ளை நொக்ரா, நாட்டுக் குதிரை என்று வரிசை வரிசையாக நிற்கும். வாங்குபவர்கள் சுழி பார்ப்பார்கள், பல் பார்ப்பார்கள். நான் பார்ப்பது அவர்கள் கட்டியிருக்கும் முறையை. தலைக்கயிறும் பின்கால் கயிறுமாக அகாடி பிச்சாடி போட்டு, ஒரு குதிரையின் உதை அடுத்ததற்கு எட்டாத இடைவெளி விட்டு, சாணி விழ விழ வாரி, பக்கத்திலேயே கூடாரம் போட்டு மனிதர்கள் படுத்திருப்பார்கள். எந்தப் பள்ளியும் சொல்லிக்கொடுக்காத முகாம் கலை அது. அத்தனை பரம்பரை அறிவு கையில் இருக்கும்போது, நம் மலையடிவாரங்களில் நிரந்தரமாக ஒரு குதிரைத் தங்கல்கூட இல்லாதது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

காட்டுக்குள்ளேயே தங்கக் கூடாதா என்று புதிதாகச் சவாரி பழகும் தம்பிகள் கேட்கிறார்கள். ஒதுக்குக் காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதே 1882ஆம் ஆண்டு வனச் சட்டப்படி குற்றம். 2018 மார்ச் 11இல் குரங்கணிக் காட்டுத்தீ பல உயிர்களைக் கொண்டுபோன பிறகு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024இல் அரசு திறந்துவிட்ட 40 மலையேற்றப் பாதைகளும் நடப்பவர்களை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டவை. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். சட்டமே அனுமதித்தாலும் காட்டுக்குள் குதிரை முகாம் வேண்டாம் என்பதே என் கருத்து. சமவெளியில் என் குதிரை சீமைக் கருவேலங்காயை விரும்பித் தின்கிறது. அதன் விதை செரிக்காமல் சாணியோடு விழுந்து முளைக்கும். ஏற்கெனவே உண்ணிச்செடி மூடிக்கிடக்கிற மலைச்சரிவுக்கு அந்தச் சுமையையும் நான் ஏற்றிப்போக வேண்டுமா? கோடையில் காட்டில் எஞ்சியிருக்கும் ஒரு சுனை ஏற்காட்டுக் காட்டு மாட்டுக்கும் கொல்லிமலைக் கரடிக்கும் உரியது. ராத்திரி கரடி வாடை வந்தால் குதிரை படும் பாட்டையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

குதிரைச் சவாரிக்காரர்களைக் காட்டுக்குள் வரவேற்கும் அமெரிக்காவிலும் இதே கவலை உண்டு. அங்கே தேசிய வனங்களில் குதிரை முகாம்கள் தனியாகவே இருக்கின்றன, கட்டுத்தறியும் தொட்டியும் வண்டி நிறுத்துமிடமும் சேர்த்து. பல வனங்களில் களைவிதை இல்லை என்று சான்று பெற்ற வைக்கோலைத்தான் உள்ளே கொண்டுபோகலாம். குதிரையை மரத்தில் நேராகக் கட்டினால் ஒரே இரவில் பட்டையை உரித்து வேரைக் கிளறிவிடும் என்பதால், இரண்டு மரங்களுக்குப் பட்டை அறுபடாத அகலமான வார் சுற்றி, தலைக்கு மேலே கயிறு கட்டி, அதில்தான் குதிரையைப் பிணைக்கிறார்கள். நீர்நிலையிலிருந்து சுமார் 60 மீட்டர் தள்ளியே முகாம் போட வேண்டும் என்பது அங்கே பரவலான நெறி. 1973இல் மான்டானாவில் தொடங்கிய பேக் கன்ட்ரி ஹார்ஸ்மென் அமைப்பினர், தாங்கள் செல்லும் காட்டுப் பாதைகளைத் தாங்களே செப்பனிடுகிறார்கள். இடம் கேட்பவர்கள் வேலையும் செய்ய வேண்டும் என்பதை அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ளலாம். தலைக்குமேல் கயிற்றை இப்போது நானும் தோட்டங்களில் பயன்படுத்துகிறேன். தென்னைக்கும் மாவுக்கும் காயம் இல்லை, தோட்டக்காரருக்கும் மனக்குறை இல்லை.

எனக்குத் தோன்றும் வழி இதுதான். ஒதுக்குக் காட்டின் எல்லைக்கு வெளியே, மலை தொடங்கும் இடத்தில் தங்கல் வேண்டும். கொல்லிமலைக்குக் காரவள்ளி, போதமலைக்கு வடுகம், ஏற்காட்டுக்கு அடிவாரம். குதிரை அதற்கு மேலே போகத் தேவையில்லை. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் லாடம் தாரில் வழுக்க, பின்னால் பேருந்து உறும, ஏற்றுவதைவிட இறக்குவது அதன் முழங்காலுக்குக் கொடுமை. அதைக் கீழே பத்திரமாக விட்டுவிட்டு நாம் பேருந்தில் ஏறிச் செம்மேட்டுக்குப் போய் ஆகாய கங்கை அருவியைப் பார்த்துவிட்டு வரலாம். தேவை அதிகமில்லை: அரை ஏக்கர் நிலம், நல்ல தண்ணீர்த் தொட்டி, நாலைந்து கல் தூண்கள், சாணிக்கு ஒரு குழி, தீவனத்துக்கு அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களோடு பேசிவைத்த ஒரு விலை. குதிரை வராத நாட்களில் சந்தைக்கு நடந்து போகும் மாடுகளும் ஆட்டுப்பட்டிகளும் அங்கே தங்கலாம். சாணி தோட்டங்களுக்கு எருவாகட்டும்.

நிலம் புறம்போக்காக இருந்தால் பஞ்சாயத்தின் சம்மதம் வேண்டும். அந்த ஊரில் ஓட்டு இல்லாத நான் கிராம சபையில் தீர்மானம் கேட்க முடியாது. வழக்கமாக எங்களுக்கு இடம் கொடுக்கும் அடிவாரத் தோட்டக்காரர் ஒருவர், தன் பெயரில் மனு எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். தூண் நடும் செலவையும் குழி வெட்டும் வேலையையும் சவாரிக்காரர்களாகிய நாங்கள் ஏற்பதாக அதில் சேர்த்திருக்கிறோம். அடுத்த கிராம சபை அக்டோபர் 2ஆம் தேதி.