டைனமோ வானொலி

யாழ்ப்பாணம் சோனகத் தெருவிலிருந்து 1990 ஒக்டோபர் 30இல் முஸ்லிம்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, வானொலிப் பெட்டிகளும் வீடுகளோடு நின்றுவிட்டன. அதன்பின் அவ்வூர் எப்படி வானொலி கேட்டது? அண்மையில் போனபோது, பழைய அயல்வீட்டு அக்கா சொன்னார்.

மின்சாரமில்லை, பற்றரிக்குத் தடை. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து ஒருவர் மிதியைக் கையால் சுற்ற, 6 வோல்ட் டைனமோவில் பெட்டி பேசும். டைனமோ தருவது திசை மாறும் மின்சாரம். டயோடு வைத்து நேராக்க வேண்டும். கை தளர்ந்தால் குரலும் தளரும். பி.பி.சி. தமிழோசை வேளையில் அயலெல்லாம் கூடிவிடுமாம். பெண்களும் முறைவைத்துச் சுற்றியிருக்கிறார்கள், சமையல் ஒரு பக்கம் கிடக்க!

அதே தமிழோசையை நாங்கள் புத்தளத்துக் கிடுகுக் கொட்டிலில் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"உங்களைப் பற்றி ஏதும் சொல்லுவாங்களோ எண்டுதான் தங்கச்சி, காது குடுத்துக்கொண்டு இருப்பம்" என்றார் அக்கா.