உயிரணுவின் அஞ்சல் வழி

ஒரு வீட்டில் புற்றுநோய் என்ற சொல் கேட்டவுடனே, “எந்தப் பாவத்திற்கு இந்தத் தண்டனையோ?” என்ற முணுமுணுப்பும் எழுந்துவிடுகிறது. ஸ்ரீரங்கத்தில் வாழும் என் தமையனாருக்கு எலும்பு மஜ்ஜையைத் தாக்கும் மைலோமா என்னும் புற்றுநோய் கண்டபோது, அவரும் அக்கேள்வியால் மனம் நொந்தார். நான் விலங்கியல் கற்பித்தவள். ஆதலால், “என் உடம்பில் என்னதான் நடக்கிறது? எனக்குப் புரியும்படி சொல்லம்மா” என்று என்னைக் கேட்டார்.

அவர் திருச்சி ஆர்.எம்.எஸ். அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் கடிதங்களைப் பிரித்தவர். எனவே அவர் தொழிலைக் கொண்டே விளக்கினேன்.

நம் உயிரணு ஒவ்வொன்றும் ஓர் ஊர் போன்றது. 620006 என்ற எண்ணைக் கண்டதும் கடிதம் காவிரியைக் கடந்து ஸ்ரீரங்கம் செல்கிறது அன்றோ? அவ்வாறே, இடம்பெயர வேண்டிய புரதத்தின் அமைப்பிலேயே அதன் முகவரி பொதிந்துள்ளது. இதனைக் கண்டறிந்த குந்தர் புளோபல் என்னும் அறிஞர் 1999-இல் நோபெல் பரிசு பெற்றார்.

உயிரணுவினுள் உட்கரு உள்ளது. அதன் உறையில் நுண்ணிய வாயில்கள் உண்டு. பி53 முதலிய காவற்புரதங்கள் உட்கருவினுள் இருந்து, பழுதுற்ற உயிரணு பெருகாதவாறு தடுக்கின்றன. பழுது மிகுந்தால் அதனை மடியச் செய்கின்றன. வெளியேற வேண்டிய புரதங்களை வாயில் வழியே சுமந்து செல்வது எக்ஸ்போர்ட்டின்-1 என்னும் மற்றொரு புரதம். மைலோமா உள்ளிட்ட பல புற்றுநோய்களில் இச்சுமையாள் அளவுக்கு மிஞ்சிப் பெருகி, காவலரையும் வெளியே கொண்டுபோய் விடுகிறான். புற்றுநோய்க்கு இஃது ஒன்றே காரணம் அன்று. எனினும் காவலற்ற உயிரணு கட்டின்றிப் பெருக இது துணைபோகிறது.

இச்சுமையாளைத் தடுக்கும் செலினெக்சார் என்னும் மருந்தை, பிற மருந்துகளுக்குக் கட்டுப்படாத மைலோமாவுக்கென 2019-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஏற்றது. அது சிலருக்குப் பயன் தருகிறது. குமட்டல், சோர்வு, இரத்தத் தட்டணுக் குறைவு ஆகியவற்றையும் உடன் தருகிறது. எவருக்கு எம்மருந்து என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். என் தமையனாருக்கு வேறு மருந்துகளே தரப்படுகின்றன.

அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்பு, “அப்படியானால் இது தண்டனை இல்லை; தபால் தவறிப்போன கதை” என்றார். அதன்பின், நலம் விசாரிக்க வருவோரிடம் நோயின் பெயரை மறைக்காமல் அவரே சொல்லலானார்.

அன்புக்குரியவர்களே, நோயுற்றோர் இல்லம் செல்லும்போது பாவத்தைத் தேடும் அக்கேள்வியைக் கொண்டு செல்லாதிருப்போம். அவருடன் மருத்துவமனைக்குச் சென்றுவர ஒருவர் முன்வந்தாலே அது பேருதவியாகும்.