ஐந்தில் ஒன்று காலி

ஹைதர் அலி பிறந்த ஊர் என்பது பூதிகோட்டையின் பெருமை. அங்குள்ள தமிழ் வாசகருக்கோ மார்கழி பிறந்தால் வேறு கவலை. ஜனவரியில் சென்னைப் புத்தகக் கண்காட்சி. 1977-ல் தொடங்கிய அந்தத் திருவிழாவையொட்டித்தான் புது நாவல்கள் குவிகின்றன.

கையிலிருக்கும் பணத்துக்கு ஐந்து தேறும். எந்த ஐந்து? 2001-ல் கோலார் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பின் பிழைப்பு பெங்களூரில், படிப்பு ரயிலில். ஆயிரம் பக்கங்களைத் தாண்டும் பூமணியின் 'அஞ்ஞாடி'யை நெரிசலில் நின்றபடி படிக்க முடியுமா? எனவே கனமானது ஒன்று, ஞாயிற்றுக்கிழமைகளுக்கு. மெலிந்தவை மூன்று, ரயிலுக்கு.

ஐந்தாவது இடத்தை அவர் நிரப்புவதில்லை. தேயிலைத் தோட்டக் கூலிகளின் துயரைச் சொன்ன பி.எச். டேனியலின் 'ரெட் டீ' 1969-ல் ஆங்கிலத்தில் வந்தது. 'எரியும் பனிக்காடு' என்று தமிழுக்கு வரப் பல ஆண்டுகள் பிடித்தன. வட ஆற்காட்டிலிருந்து வந்து சுரங்கத்தில் இறங்கிய தாத்தாக்களைப் பற்றியும் அப்படியொரு நாவல் இந்த ஆண்டாவது வரலாம். காலி இடம் அதற்குத்தான்.

காத்திருப்பதில் அவருக்குச் சலிப்பில்லை. ஆனால் பிள்ளைகள் பள்ளியில் படிப்பது கன்னடம். ரொம்பவும் தாமதித்து வந்தால், அந்த வீட்டில் அதைப் படிக்க யார் இருப்பார்கள்?