ஃபாரம் இறங்கும் வரை

சிறுபத்திரிகைகளின் உள்ளட்டையில், விலைக்கும் முகவரிக்கும் கீழே, பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: தனிச்சுற்றுக்கு மட்டும். 1867ஆம் வருஷத்து அச்சகச் சட்டம் பத்திரிகை என்றால் பதிவு செய் என்றது. மாஜிஸ்திரேட் முன்னால் உறுதிமொழி, டெல்லிக்கு விண்ணப்பம், பெயருக்கு அனுமதி என்று அலைய வேண்டியிருந்தது. இருநூறு பிரதி போடுகிறவனுக்கு அதற்குக் காசும் கிடையாது, லீவும் கிடையாது. அந்த வரியைப் போட்டுவிட்டால் இது நண்பர்களுக்குள் சுற்றுகிற சமாசாரம் என்று ஆகிவிடும். பலருக்கு அது சட்டத்துக்குச் சொன்ன சாக்கு. சென்னையின் மேற்குப் புறநகரில், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் எண்பதுகளின் தொடக்கத்தில் வந்துகொண்டிருந்த எங்கள் நாலைந்து பத்திரிகைகளைப் பொறுத்தவரை அது அப்பட்டமான உண்மை. நாங்களே எழுதினோம், நாங்களே படித்தோம், ஒருவருக்கொருவர் சந்தாவும் கட்டிக்கொண்டோம்.

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964இல் வந்தது. அதற்கு முன்பே டி.ஐ. சைக்கிளும் டன்லப்பும் இருந்தன. பாடியில் டி.வி.எஸ். ஆலைகள். ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் முதல் விஜயந்தா 1965இல் வெளிவந்தது. இந்த ஆலைகளை நம்பித் திருநெல்வேலியிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் வட ஆற்காட்டிலிருந்தும் ஐ.டி.ஐ. சான்றிதழோடு வந்து இறங்கிய பையன்கள் கொரட்டூரிலும் திருமுல்லைவாயலிலும் ஓர் அறைக்கு நாலு பேராகத் தங்கினார்கள். நாலு பேருக்கும் நாலு ஷிஃப்ட் இருந்தால் பாய் இரண்டு போதும். ஊர் நூலகத்தில் பிடித்த வாசிப்புப் பழக்கம் பெட்டியோடு கூடவே வந்திருந்தது. எழுதுகிறவர்கள் இப்படித்தான் சேர்ந்தோம். திருவல்லிக்கேணிக்காரர்களுக்குக் கடற்கரை இருந்தது. ‘கசடதபற’வை 1970இல் தொடங்கிய நண்பர்கள் பேசிப் பேசியே ஒரு பத்திரிகையை உண்டாக்கினார்கள் என்று கேட்கும்போது எங்களுக்குப் பொறாமையாக இருக்கும். எங்களுக்கு வாய்த்தது அம்பத்தூர் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடை. அதுவும் ஒருவன் வேலை முடிந்து வரும் நேரமும் இன்னொருவன் வேலைக்குப் போகும் நேரமும் உரசிக்கொள்ளும் அரைமணி.

முதலில் சைக்ளோஸ்டைல்தான். தொழிற்சங்க நோட்டீஸ் அடிக்கிற கெஸ்டெட்னர் மெஷின் ஒன்றை, சங்கச் செயலாளர் கண்டும் காணாமல் விட்டுக்கொடுத்தார். மெழுகுத் தாளில் எழுத்தாணி மாதிரி ஒரு ஊசியால் எழுத வேண்டும். அழுத்தினால் கிழியும், அழுத்தாவிட்டால் மை இறங்காது. ‘ண’வின் சுழி கிழிந்து கரும்பொட்டாக விழும். பிழை வந்தால் அதன்மேல் தடவ ஒரு திரவம் உண்டு, நகப்பாலிஷ் வாடை அடிக்கும். கையெழுத்து யாருக்கு அழகாக இருக்கிறதோ அவன்தான் எல்லோருடைய பத்திரிகைக்கும் ஸ்டென்சில் வெட்ட வேண்டும். அப்படி ஒருவர் திருமுல்லைவாயலில் இருந்தார். அவர் கதையோ கவிதையோ எழுதியவர் இல்லை. மற்றவர்கள் எழுதியதை எல்லாம் தன் கையால் ஒருமுறை எழுதினார், அவ்வளவுதான். எந்த இதழின் ஆசிரியர் குழுவிலும் அவர் பெயர் கிடையாது. கேட்டால், “போட்டா வெட்ட மாட்டேன்” என்பார்.

பிறகு அச்சுக்குப் போனோம். எங்கள் நட்பின் மெய்யான கதை அங்கேதான் தொடங்குகிறது. அதற்கு அந்த அச்சகம் எப்படி வேலை செய்தது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு சின்ன அச்சகம். கல்யாணப் பத்திரிகை, பில் புக், காதுகுத்து அழைப்பிதழ்தான் பிழைப்பு. ஒரு டிரெடில் அச்சு மெஷின், ஒரு கம்பாசிட்டர் அம்மா, நாலைந்து எழுத்துப் பெட்டி. ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து ஸ்டிக்கில் அடுக்கி, வரிகளைச் சேர்த்துப் பக்கமாக்கி, எட்டுப் பக்கத்தைச் சட்டத்தில் முடுக்கினால் ஒரு ஃபாரம். அது அச்சாகி முடிந்ததும் எழுத்துகளைப் பிரித்து மறுபடி அந்தந்தக் குழியில் போட வேண்டும். போட்டால்தான் அடுத்த எட்டுப் பக்கம். பெட்டியில் இருக்கிற எழுத்து அவ்வளவுதான். இரண்டு ஃபாரத்துக்கு ஒரே நேரத்தில் எழுத்து காணாது.

அந்த அச்சகத்தில் இரண்டு பத்திரிகை வந்துகொண்டிருந்தது. ஒன்று எங்களுடையது, புதுக்கவிதையும் மொழிபெயர்ப்பும். இன்னொன்று ஆவடித் தோழர்களுடையது. முற்போக்கு எழுத்தாளர் சங்கம் 1975இல் மதுரையில் தொடங்கிய வேகம் அவர்களுக்கு. எங்களை அவர்கள் விரக்திக்காரர்கள் என்றார்கள். அவர்களை நாங்கள் கோஷம் போடுகிறவர்கள் என்றோம். டீக்கடையில் குரல் உயரும், கிளாஸ் ‘டங்’கென்று பெஞ்சில் இறங்கும். ஆனால் எங்கள் ஃபாரம் இறங்கினால்தான் அவர்கள் ஃபாரம் ஏறும். அவர்களுடைய மே தினத் தலையங்கத்தை உடைத்து எடுத்த அதே ‘க’வும் ‘ம’வும்தான் எங்களுடைய ஒரு தனிமைக் கவிதையில் போய் உட்காரும். அந்தக் கம்பாசிட்டர் அம்மாவுக்கு இரண்டு இலக்கியக் கொள்கைக்கும் வித்தியாசம் கேட்டால், “அவங்களுது ஆச்சரியக்குறி நிறையப் புடிக்கும், ஒங்களுது புள்ளி நிறையப் புடிக்கும்” என்பார். தமிழ் விமர்சனத்தில் இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லிப் படித்ததில்லை.

ஆக, முறை வைத்துக்கொண்டோம். முறை வைத்த பிறகு, காத்திருக்கிற நேரத்தில் சும்மா உட்காராமல் ஒருவர் புரூஃபை இன்னொருவர் பார்க்கத் தொடங்கினோம். தான் எழுதியதில் பிழை தன் கண்ணுக்குத் தெரியாது. எதிர்முகாம்காரனுக்குப் பளிச்சென்று தெரியும். ஆவடித் தோழர் ஒருவர் என் கவிதையின் புரூஃபில் ஒற்றுப்பிழையைத் திருத்திவிட்டு, ஓரத்தில் பென்சிலால் “இந்த வரி இல்லாமலே புரிகிறதே?” என்று எழுதி வைத்திருந்தார். வரியை எடுத்தேன். அவருடைய கதையில் கூலி உயர்வுப் போராட்டம் ஜெயித்ததும் மழை பெய்தது. மழையை நான் அடித்தேன். “மழ பெய்யாம எப்படி வாத்தியாரே முடிக்கிறது?” என்று ஒரு மணிநேரம் சண்டை போட்டார். கதை மழையில்லாமல்தான் வந்தது.

1978 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்தது. ‘லை’, ‘னை’யெல்லாம் தும்பிக்கையை இழந்தன. எங்கள் அச்சகத்தில் பழைய எழுத்துகளே பல வருஷம் ஓடின. புது எழுத்து வாங்க முதலாளியிடம் பணமில்லை. கடைசியில் இரண்டு பத்திரிகையும் பங்கு போட்டுப் பட்டணத்து டைப் ஃபவுண்டரி ஒன்றில் தலைப்புக்கான பெரிய எழுத்து ஒரு செட் வாங்கிக் கொடுத்தோம். எழுத்து யாருக்குச் சொந்தம் என்று அப்போது எவரும் எழுதி வைக்கவில்லை.

வெளியூர் நண்பர்கள் தபாலில் கிடைத்தார்கள். ஒவ்வொரு பத்திரிகையிலும் கடைசிப் பக்கத்தில் ‘வரப்பெற்றோம்’ என்று ஒரு பட்டியல். சிவகங்கையில் ஒன்று, நாகர்கோவிலில் ஒன்று, யாழ்ப்பாணத்தில் ஒன்று என்று பெயரும் முகவரியும் விலையும் இருக்கும். அதைப் பார்த்து நம் இதழை அனுப்பினால் அவர்கள் இதழ் வரும். அனுப்புவது புக் போஸ்ட். உறை இரண்டு பக்கமும் திறந்திருக்க வேண்டும், உள்ளே கடிதம் வைக்கக்கூடாது. அதனால் சொல்ல வேண்டியதைப் பக்க ஓரத்தில் பென்சிலால் கிறுக்கி அனுப்பினோம். மணியார்டர் கூப்பனில், சந்தாத் தொகைக்குக் கீழே இருக்கிற துண்டு இடத்தில் சிறுகதை விமர்சனமே எழுதியவர்கள் உண்டு.

இந்தப் பரிமாற்றத்தில் ஒரு கெடுதலும் வந்தது. கல்யாண மொய் மாதிரி ஆகிவிட்டது. நீ என்னைப் பாராட்டினாய், இந்த இதழில் நான் உன்னைப் பாராட்டியாக வேண்டும். ‘இதழ் செறிவாக உள்ளது, தொடர்க’ என்று எல்லா ஊரிலிருந்தும் ஒரே கடிதம் வரும். படிக்காமலே எழுதலாம், பலர் அப்படித்தான் எழுதினார்கள். ஓர் இதழ் பாதியில் அச்சுப் பிசகிப் பக்கம் மாறிப் போயிருந்தது. அதற்கும் ‘செறிவு’ என்று கடிதம் வந்தது. அந்த நட்புகளில் ஒன்றுகூட எனக்கு இன்று மிச்சமில்லை. புரூஃப் பார்த்தவன், ரீம் பேப்பரை சைக்கிளில் மிதித்துக் கொண்டுவந்தவன், இதழைக் கட்டிப் பூந்தமல்லிக்குப் பஸ்ஸில் தூக்கிப்போய்ப் பள்ளிக்கூட வாத்தியார்கள் தலையில் கட்டியவன், இவர்கள்தான் மிஞ்சினார்கள். இவர்களில் பாதிப்பேர் என் கவிதையைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னதாக எனக்கு நினைவில்லை.

பாராட்டிக் கடிதம் எழுதுவதையே தொண்டாகச் செய்த இருவர் இதற்கு விலக்கு. வல்லிக்கண்ணனும் தி.க.சி.யும்.  பெயர் தெரியாத பையன் போட்ட இதழாக இருந்தாலும் 15 காசுக் கார்டில் பதில் வந்துவிடும். வல்லிக்கண்ணன் 1978ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி பரிசு பெற்றவர். தி.க.சி. ‘தாமரை’யின் ஆசிரியர் பொறுப்பில் இருந்து ஒரு தலைமுறையையே அறிமுகம் செய்தவர். அவர்களுக்கு எங்களிடமிருந்து திரும்பி வர எதுவுமில்லை. இன்னின்ன பக்கத்தில் இன்னது என்று படித்த அடையாளத்தோடு எழுதுவார்கள். அந்தக் கார்டு வந்த வாரம் டீக்கடையில் அது கை மாறிக் கை மாறி ஓரத்தில் டீக்கறை படியும். கார்டு எனக்கு வந்ததா, உனக்கு வந்ததா என்று கேட்டுக்கொண்டதில்லை. மேற்குப் புறநகருக்கு வந்தது என்றுதான் நினைத்தோம். சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ புத்தகங்களை மூட்டையாகத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கிய கதையும் இப்படித்தான் எங்களிடம் பொதுச்சொத்தாகச் சுற்றியது. மூட்டை தூக்கச் சலிப்பவனைப் பார்த்து, “செல்லப்பா தூக்கலியா?” என்றால் போதும்.

புத்தகத் தேவைக்கு மூர் மார்க்கெட். லோக்கல் ரயிலில் சென்ட்ரலில் இறங்கினால் பக்கத்திலேயே. யார் பட்டணத்துக்குப் போனாலும் மற்றவர்களின் பட்டியல் அவன் சட்டைப்பையில் இருக்கும். ஒருவருக்குச் செகாவ், ஒருவருக்குப் பழைய ‘மணிக்கொடி’, ஒருவருக்கு லேத் மெஷின் பற்றிய கையேடு. பேரம் பேசுவதில் கெட்டிக்காரர் ஒருவர் இருந்தார். அவரை நாங்கள் இலக்கியத்துக்காகச் சேர்த்துக்கொள்ளவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1985 மே 30 அன்று மூர் மார்க்கெட் எரிந்தது. அந்த இடத்தில் எழுந்த கட்டடத்திலிருந்துதான் இன்றைக்கு ஆவடிக்கும் அரக்கோணத்துக்கும் புறநகர் ரயில் கிளம்புகிறது. ரயிலுக்காகக் காலை மாற்றி மாற்றி நிற்கிற சனத்துக்குக் கீழே எங்கள் பட்டியல் முழுக்கக் கிடக்கிறது.

அதற்கு முந்திய வருஷம் ஆத்மாநாம் இறந்துபோயிருந்தார். ‘ழ’ பத்திரிகையை 1978இல் தொடங்கியவர். எங்களில் யாருக்கும் அவரோடு பழக்கமில்லை. ஆனாலும் சிறுபத்திரிகை உலகம் சின்னது, சாவு எல்லார் வீட்டுச் சாவாகிவிடும். பின்னாளில் அவருடைய கவிதைகளைத் தேடித் தொகுத்துப் புத்தகமாக்கியவர் அவருடைய நண்பர் பிரம்மராஜன். ஊட்டியிலிருந்து ‘மீட்சி’ நடத்திய அதே பிரம்மராஜன். அந்தத் தொகுப்பு இல்லாவிட்டால் இன்றைக்கு ஆத்மாநாமைப் படிக்கிற பிள்ளைகளுக்கு அவர் கிடைத்திருப்பாரா என்பது சந்தேகம். தொகுப்பு கைக்கு வந்த அன்று, என் பிரதிகள் அத்தனையும் எங்கே இருக்கின்றன என்று ஆவடித் தோழரிடம் சொல்லி வைத்தேன். “எதுக்கு, நான் ஒனக்கு முன்னாடி போயிட்டா?” என்று தன்னுடையதையும் சொன்னார்.

தொண்ணூறுகளில் ஆஃப்செட் வந்தது, கம்ப்யூட்டர் டி.டி.பி. வந்தது. எழுத்துக்குப் பஞ்சமே இல்லை. எத்தனை ‘க’ வேண்டுமானாலும் திரையில் இருக்கும். அவரவர் இதழை அவரவர் வசதிப்படி போட்டுக்கொள்ளலாம், யாருடைய ஃபாரமும் இறங்கக் காத்திருக்க வேண்டாம். நாங்களும் ஆசையாகத்தான் மாறினோம். ஆறே மாதத்தில் கவனித்தேன், ஆவடிப் பத்திரிகை எனக்கு அச்சான பிறகுதான் வருகிறது. அதில் பிழைகள் இருந்தன. என்னுடையதிலும் இருந்தன. சந்திப்பதற்குக் காரணம் என்று தனியாக ஒன்றைத் தேட வேண்டியிருந்தது. குழந்தைகள், சொந்த வீடு, ஆலைகளில் ஆட்குறைப்பு என்று காரணம் தேடவும் நேரமில்லாமல் போயிற்று. வறுமையை நான் கொண்டாடவில்லை. அந்தக் கம்பாசிட்டர் அம்மாவின் விரல்நுனி ஈயத்தில் கறுத்துக் கிடந்ததை நினைத்தால் அந்தப் பெட்டிகள் ஒழிந்தது நல்லதுதான்.

அச்சகத்தை மூடும்போது முதலாளி ஈயத்தை எடைக்குப் போட்டார். நாங்கள் பங்கு போட்டு வாங்கிய பெரிய எழுத்துக்கு உரிய தொகையைத் தனியாக எடுத்து வைத்து என்னையும் ஆவடித் தோழரையும் கூப்பிட்டுக் கொடுத்தார். டீக்கடை பெஞ்சில் அந்தப் பணம் இருவருக்கும் நடுவில் கிடந்தது. “நீ வச்சுக்கோ”, “நீங்க வச்சுக்குங்க” என்று வழக்கமான சண்டை. அந்த வாரம்தான் கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து ஒரு பையன் புதுப் பத்திரிகை தொடங்குவதாகச் சுற்றறிக்கை அனுப்பியிருந்தான். ஸ்டேஷன் எதிரே தபாலாபீசில் அந்தத் தொகை முழுவதையும் அவனுக்குச் சந்தாவாக மணியார்டர் செய்தோம், ஒன்று என் பெயரில், ஒன்று அவர் பெயரில். இரண்டு இதழ் வந்தது. இரண்டாவதில் ஒற்றுப்பிழைகள் தாங்க முடியவில்லை. தோழர் சிவப்பு மையில் திருத்தி, அத்தனை பக்கத்தையும் அவனுக்கே திருப்பி அனுப்பினார்.