ஆற்றங்கரையில் இற்செறிப்பு

இளங்கலை மாணவர்களுக்கு அகத்திணை நடத்தும் ஒவ்வோர் ஆண்டும் ‘இற்செறிப்பு’ என்ற சொல்லை விளக்க வேண்டிவரும். தினைப்புனத்தில் கிளி ஓட்டியவள், சுனையிலும் அருவியிலும் தோழியரோடு ஆடியவள், ஒரு கட்டத்தில் வீட்டுக்குள் வைக்கப்படுவாள். காவல் கூடும், ஊரில் அலர் எழும், தலைவன் வெளியே காத்திருப்பான். தேர்வில் இது இரண்டு மதிப்பெண் வினா. ஒருமுறை பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி சொன்னாள்: “எங்க வீட்ல இதுக்குப் பேரு ‘ஒழுங்கா உள்ள இரு’ மேடம்.” வகுப்பே சிரித்தது. இலக்கணச் சொல்லைவிட அவள் விளக்கம் தெளிவாக இருந்தது.

அந்தச் சொல் வகுப்பறைக்கு வெளியே எவ்வளவு உயிரோடு இருக்கிறது என்பதை ஆற்றங்கரையில்தான் பார்த்தேன்.

ஊத்தங்கரையில் நாங்கள் நான்கைந்து ஆசிரியர்கள், நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருக்கும் மாணவ மாணவியர் சிலரோடு, விடுமுறை நாட்களில் ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைத் தென்பெண்ணைக் கரைக்கு அழைத்துப் போகிறோம். இந்த ஏற்பாட்டுக்குப் பெயரோ பதாகையோ கிடையாது. வேன் வாடகையைப் பகிர்ந்துகொள்வோம். நோட்டு, பென்சில், தண்ணீர், புளிச்சோறு. பாடம் ஆறுதான்.

ஆறு என்றால் நம் பக்கம் அது ஒரு நீண்ட கதை. நந்தி மலைப் பகுதியில் பிறந்து, பெங்களூரின் கிழக்கு விளிம்பை ஒட்டி இறங்கி, ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில் தேங்குகிறது. பிறகு கிருஷ்ணகிரி அணை. ஊத்தங்கரைக்குத் தெற்கே அனுமன்தீர்த்தம். அதற்கும் கீழே சாத்தனூர், திருக்கோவலூர், கடைசியில் கடலூர்ப் பக்கம் கடல். மலையமான் காரியின் கோவலூரோடு சேர்த்துச் சங்கப் பாடல் பேசும் பெண்ணை இதுதான். 2015லும் 2017லும் தீப்பற்றி எரிந்து செய்தியான பெல்லந்தூர் ஏரியின் உபரிநீர் வர்த்தூர் ஏரி வழியாக வந்து சேர்வதும் இதே பெண்ணையில்தான்.

முதல் நடையைக் கெலவரப்பள்ளிக்குத் திட்டமிட்டோம். நம் ஊருக்கு வரும் தண்ணீர் மாநிலத்துக்குள் நுழையும் இடத்தைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்பது எண்ணம். முப்பத்தொரு பேர் பெயர் கொடுத்தார்கள், பாதிக்கு மேல் பெண் பிள்ளைகள். விடிவதற்கு முன் வேன் புறப்பட்டபோது உள்ளே இருந்த பெண் பிள்ளைகள் ஐந்து பேர்.

வராதவர்களுக்குக் காரணங்கள் இருந்தன. “அவ வரமாட்டா மேடம், அவங்க அப்பா உடமாட்டார்.” “அண்ணன் கூட வந்தா அனுப்பறேன்.” “இருட்டுல எப்பிடி மேடம் கெளம்பறது?” ஒருத்திக்கு அந்த மாதம்தான் சடங்கு முடிந்திருந்தது. இன்னொருத்திக்கு மாதவிடாய். போகிற இடத்தில் கழிப்பறை இருக்கிறதா என்று அவள் அம்மா கேட்ட கேள்விக்கு எங்களிடம் நல்ல பதில் இல்லை. ஒரு பள்ளியில் நேராகவே சொன்னார்கள்: “பசங்கள மட்டும் கூட்டிட்டுப் போங்க. பொண்ணுங்களுக்கு எங்களால பொறுப்பு ஏத்துக்க முடியாது.”

1991ல் எம்.சி. மேத்தா வழக்கில் சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். 2001 முதல் பள்ளிகளில் தேசியப் பசுமைப் படை இருக்கிறது. பாடம் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. பாடத்தை விட்டு வெளியே வந்து ஆற்றைப் பார்க்கும் உரிமைக்குத்தான் இன்னும் அப்பாவின் கையெழுத்து தேவைப்படுகிறது.

கெலவரப்பள்ளியில் மதகு திறந்திருந்தது. வெள்ளை வெள்ளையாக நுரை. காற்று அடித்தால் பிய்ந்து பறந்து வயலில் விழும். தட்டகானப்பள்ளித் தரைப்பாலம் நுரையில் மூடிப்போன படங்களைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். பிள்ளைகளுக்கு முதலில் அது கொண்டாட்டம்தான், “ஐஸ் மாதிரி இருக்கு.” நாற்றம் வந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எங்கள் எல்லைப் பகுதிப் பிள்ளைகளுக்கு வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி. தமிழில் நுரை, கன்னடத்தில் நொரெ, தெலுங்கில் நுரகா என்று நோட்டில் மூன்று சொற்களையும் எழுதினார்கள். ஆறு மாநில எல்லையைத் தாண்டும்போது சொல் பெரிதாக மாறவில்லை என்று ஒரு பையன் கண்டுபிடித்தான்.

கரையில் தள்ளி உட்கார்ந்து இரண்டு பிளாஸ்டிக் பாட்டில்களில் செயல்முறை காட்டினோம். ஒன்றில் வெறும் கிணற்றுத் தண்ணீர், மற்றதில் சிட்டிகை சலவைத்தூள். இரண்டையும் குலுக்கினால் ஒன்றில்தான் நுரை நிற்கும். சுத்திகரிக்காத கழிவுநீரில் சலவைப் பொருட்களின் வேதிப்பொருள் கலந்து வருகிறது, மதகிலிருந்து விழும்போது காற்றோடு கடையப்பட்டு நுரைக்கிறது என்று விளக்கினோம். வந்திருந்த ஐந்து பெண் பிள்ளைகளில் ஒருத்தி கேட்டாள்: “அப்ப எங்கம்மா துணி தொவைக்கறதாலயா மிஸ் இப்பிடி ஆச்சு?”

பையன்கள் யாரும் இதைக் கேட்கவில்லை. துணி துவைப்பது அவர்கள் வேலை இல்லை. இவள் ஞாயிற்றுக்கிழமைதோறும் அம்மாவோடு துவைப்பவள். குழாயை மூடு, பாத்திரம் கழுவிய தண்ணீரைச் செடிக்கு ஊற்று, துணிப்பை எடு என்று நாம் சொல்லிக்கொடுக்கும் சூழல் ஒழுக்கங்களை எண்ணிப் பாருங்கள். பெரும்பாலானவை சமையலறையிலும் புழக்கடையிலும் நடப்பவை. அதாவது ஏற்கெனவே பெண்கள் செய்துகொண்டிருக்கும் வேலையில் இன்னொரு வேலையைச் சேர்ப்பவை. ஒரு மாநகரத்தின் கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் விட்டவர்கள் அந்தப் பட்டியலில் வருவதில்லை. எந்தத் தொழிற்சாலை எதை வடிகாலில் விடுகிறது, அதைக் கண்காணிக்க வேண்டியவர் யார், இரண்டு மாநிலங்களுக்கு நடுவே வரும் தண்ணீருக்கு யார் பதில் சொல்வது என்பதும் வருவதில்லை. அவளிடம் சொன்னேன்: “உங்கம்மா ரெண்டு பக்கெட் தண்ணியில தொவைக்கறாங்க. இது ஒரு ஊரோட சாக்கடை. அதைச் சுத்தம் பண்ணி அனுப்ப வேண்டியது அரசாங்கத்தோட வேலை.” அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

இரண்டாவது நடை பக்கத்தில், அனுமன்தீர்த்தத்தில். அங்கே துணி அலசிக்கொண்டிருந்த ஓர் ஆயாவிடம் பிள்ளைகள் பேச்சுக் கொடுத்தார்கள். சிறுமியாக இருந்தபோது ஆற்று மணலில் ஊத்து தோண்டிக் குடித்ததைச் சொன்னார். கையால் முழங்கை ஆழம் பறிக்க வேண்டும். முதலில் ஊறும் கலங்கல் தண்ணீரைக் கொட்டாங்குச்சியால் மூன்று முறை இறைத்துக் கொட்ட வேண்டும். நான்காவது ஊறல் கண்ணாடி போல இருக்கும், அதைத்தான் குடத்தில் எடுக்கலாம். “இப்ப மணல் எங்க கீது? ஊத்து எங்கேர்ந்து வரும்?” என்றார். மணல் நீரை வடிகட்டும், நிலத்தடியில் சேமிக்கும் என்று அறிவியல் புத்தகம் ஒரு பக்கம் எழுதுவதை அவர் நான்கு வாக்கியத்தில் முடித்துவிட்டார். இதை இதுவரை யாரும் தன்னிடம் கேட்டதில்லை என்றும் சொன்னார்.

வங்காரி மாத்தாய் 2004ல் நோபல் அமைதிப் பரிசு பெற்றபோது தன் சிறுவயது ஓடையைப் பற்றிப் பேசினார். அம்மாவுக்குத் தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் தவளை முட்டைச் சரங்களைப் பாசிமணி என்று நினைத்துக் கையில் எடுக்கப் பார்த்தாராம். 1977ல் அவர் தொடங்கிய பசுமைப் பட்டை இயக்கம் கென்யப் பெண்களைத் திரட்டி மரம் நட்டது. அந்தச் சிறுமி ஓடைக்குப் போனது வேலையாகத்தான், தவளை முட்டை அந்த வேலைக்கு நடுவே கிடைத்த இடைவேளை. நம் ஆயாக்களும் அம்மாக்களும் அப்படித்தான் ஆற்றைப் படித்தார்கள், இடுப்பில் குடத்தோடு. இன்று வீட்டுக்குக் குழாய் வந்துவிட்டது. குடம் இறங்கியது நல்லதுதான். ஆனால் குடம் இல்லாமல் ஒரு பெண் பிள்ளை ஆற்றுக்குப் போவதற்கான காரணத்தை ஊர் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை.

பெற்றோரின் பயத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2022 ஜூன் 5 அன்று கடலூர் மாவட்டம் குச்சிப்பாளையத்தில் கெடிலம் ஆற்றுத் தடுப்பணையில் குளிக்கப் போன சிறுமிகளும் இளம்பெண்களுமாக 7 பேர் மூழ்கி இறந்தார்கள். அன்று உலகச் சுற்றுச்சூழல் நாள். 2023 பிப்ரவரி 15 அன்று, கால்பந்துப் போட்டிக்குப் போன புதுக்கோட்டை மாவட்ட அரசுப் பள்ளி மாணவிகள் 4 பேரைக் கரூர் மாயனூரில் காவிரி கொண்டுபோனது. இப்படி ஒவ்வொன்றுக்கும் பிறகு வீடுகளில் ஒரே தீர்ப்புதான் வருகிறது: இனி ஆற்றுப் பக்கம் போகாதே. பையன்களும் மூழ்குகிறார்கள், ஆனாலும் அவர்களுக்கு மாமாவோ அண்ணனோ கிணற்றில் இறக்கி நீச்சல் பழக்கிவிடுகிறார்கள். வயதுக்கு வந்த பெண்ணுக்கு ஈரத்துணியோடு நிற்பதே குற்றமாகிவிடுகிறது. நீச்சல் தெரியாதவளாக வளர்த்து, அதையே காரணமாக்கி, தண்ணீரிலிருந்து விலக்கிவைக்கிறோம்.

விலக்கிவைத்தாலும் தண்ணீர் விலகுவதில்லை. 2024 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஏரி நிரம்பி வழிந்து, சாலையோரம் நிறுத்தியிருந்த வண்டிகள் பொம்மைகளைப் போல உருண்டு போனதை நாடே பார்த்தது. ஆற்றுக்குப் போகாத பிள்ளைகளின் தெருவுக்குள் அன்று வெள்ளம் வந்தது. ஏரிக்குக் கலங்கல் எங்கே, மறுகால் எந்தப் பக்கம் பாயும், எந்தத் தெரு பழைய வாய்க்காலின் மேல் இருக்கிறது என்று தெரிந்திருந்தால் எந்தத் திசையில் ஓடுவது என்றாவது தெரிந்திருக்கும். அந்த மழைக்குப் பிறகு எங்கள் பிள்ளைகளைக் கொண்டு ஊரின் நீர்வழியை வரைய வைத்தோம். பெண் பிள்ளைகள் தங்கள் தெருவைத் தாண்டி வரையத் திணறினார்கள். அவர்கள் நடக்க அனுமதிக்கப்பட்ட தூரம் அந்தப் படத்தில் அப்படியே தெரிந்தது.

இப்போது நடைகளை மாற்றியிருக்கிறோம். விடிந்த பிறகே புறப்படுகிறோம். கழிப்பறை இருக்கும் இடத்தைக் குறித்துவிட்டுத்தான் பாதையை முடிவு செய்கிறோம். முதலுதவிப் பெட்டியில் நாப்கினும், பயன்படுத்தியதைச் சுற்றி எடுத்துவரக் காகிதப் பையும் இருக்கும். நாப்கினைக் காகிதத்தில் சுற்றித் தனியாகப் போடுவது எப்படி என்பதைப் பையன்களும் சேர்ந்துதான் கேட்கிறார்கள், ஆற்றோரப் புதரில் அது சிக்கிக் கிடப்பதைப் பார்ப்பவர்கள் அவர்களும்தானே. அம்மாக்களில் இரண்டு பேரை அழைக்கிறோம். காவலுக்கு என்றுதான் வருவார்கள், கொஞ்ச நேரத்தில் அவர்களே பாடம் நடத்தத் தொடங்கிவிடுவார்கள். சம்மதப் படிவத்தில் அம்மாவின் கையெழுத்து போதும் என்று மாற்றினோம். போன நடையில் பெண் பிள்ளைகள் பதினான்கு பேர்.

இன்னொன்று நீச்சல். எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, சிங்காரப்பேட்டையை அடுத்த புளியானூரில், குக்கூ காட்டுப்பள்ளி இருக்கிறது. பிள்ளைகள் மண்ணோடும் மரத்தோடும் கற்பதைப் பல ஆண்டுகளாகப் பேசி வருபவர்கள். பாழடைந்த ஊர்க்கிணறுகளைத் தூர்வாரி மீட்கும் வேலை அங்கிருந்து தொடங்கியது. கிணறு என்பது குடிநீரும் பாசனமும் மட்டுமா என்று அதைப் பார்த்துத்தான் யோசித்தோம். தெரிந்த ஒரு குடும்பத்தின் படிக்கட்டு வைத்த கிணற்றைக் கேட்டு வாங்கினோம். நன்றாக நீந்தத் தெரிந்த இரண்டு பெண்கள் கிடைத்தார்கள், ஒருவர் ஆடு மேய்ப்பவர், மற்றவர் செவிலியர். ஒரு காலத்தில் சுரைக்குடுக்கை கட்டிப் பழகியதுபோல இப்போது முதுகில் காலி எண்ணெய்க் கேன். சுடிதாரோடுதான் இறங்குகிறார்கள். மேலே கயிறு பிடிக்க எப்போதும் இரண்டு பேர்.

எட்டுப் பெண் பிள்ளைகள் இதுவரை சேர்ந்திருக்கிறார்கள். மே மாதம் கிணற்றில் தண்ணீர் இறங்கிவிடும். அதற்குள் அவர்கள் கேன் இல்லாமல் மிதக்கப் பழக வேண்டும். ஏப்ரலில் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் இருக்கின்றன.